காற்று வெளியேறும் ஜன்னல்

உள்ளே வருவதற்கு எத்தனை வாசல் வைத்தாலும் அவன் வரமாட்டான். வெளியே போவதற்கு ஒரு வாசல் வைத்துப் பார், உடனே உள்ளே வந்துவிடுவான். யார் அவன்? அவசரமில்லை, யோசித்துச் சொல். இந்த வீடு வெறும் வரைபடமாக இருந்த நாளில் வர்ணிகாவிடம் இப்படித்தான் கேட்டேன். எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தவள், யோசிக்கவே இல்லை, "அப்பா" என்றாள். தனசேகர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏனுங் அம்மிணி, புள்ளைகிட்ட என்னயப் பத்தி என்னதான் சொல்லி வெச்சிருக்கறீங்க" என்று என்னைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். விடை காற்று. ஒரு வாய் மட்டும் உள்ள பாட்டிலுக்குள் ஊதினால் காற்று திரும்பி உன் முகத்துக்கே வரும், அடியில் ஓர் ஓட்டை போட்டு ஊதினால் நேராகப் போகும், வீடும் ஒரு பாட்டில்தான் என்று அவளுக்கு ஊதிக் காட்டினேன். இந்த வீட்டுக்கு வாய் மேற்குச் சுவர், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச் சுவர். அடியில் இருக்கும் ஓட்டை வர்ணிகாவின் அறையில் கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வரும் ஆடிக்காற்று மேற்குச் சுவரில் புகுந்து, கூடத்தைக் கடந்து, அவள் கட்டிலைத் தாண்டி, அந்த ஜன்னல் வழியாக வெளியே போகும். அந்த ஜன்னலைத்தான் இப்போது ரியாஸ் டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். ஏசி மாட்ட உடுமலையிலிருந்து வந்திருப்பவர். தனசேகர் அனுப்பியிருக்கிறார். மாட்டுவதா வேண்டாமா என்பதை நாங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்க்க முடியாமல், அறை அவளுடையது, அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். பள்ளி வேன் வந்ததும் கேட்க வேண்டும். அவள் ஏசி என்றால் ஜன்னல் மூடும், அறைக்கதவு மூடும், வீட்டுக்குள் காற்றோட்டம் நின்றுவிடும். மின்விசிறி மாட்டக் கூரையில் ஒரு கொக்கிகூட வைக்காமல் கட்டிய வீடு இது. கொக்கி இருந்தால் என்றைக்காவது மாட்டத் தோன்றும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். நான் கட்டடம் வரைகிறவள். எத்தனையோ பேருக்கு வரைந்திருக்கிறேன், அவர்கள் எல்லோரும் கடைசியில் கண்ணாடி வேண்டும் என்றார்கள். எனக்கென்று வரைந்தது இது ஒன்றுதான்.

ரியாஸ் கைக்குட்டையை மூக்கின்மேல் கட்டியிருக்கிறார். வரும்போது கட்டவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றவர் ஒருமுறை மூச்சை இழுத்தார், பிறகு பைக்குள் கையை விட்டார். "தூசிங்க்கா, நமக்கு ஒத்துக்காது" என்றார். தூசி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மரியாதையான மனிதர். இந்த மரியாதைதான் எனக்குக் குமட்டுகிறது. நாறுகிறது என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. தண்ணீர் குடிக்காமல் போகிறார்கள், டீயை ஆறவிட்டு வைத்துவிடுகிறார்கள், டீயின் மேல் ஈ உட்கார்ந்து பாலேட்டில் கால் சிக்கி உதறுவதைப் பார்த்துக்கொண்டே, "அப்பறம் வர்றமுங்க" என்கிறார்கள். மேற்கே இருக்கும் கோழிப்பண்ணை மச்சாண்டாருடையது, தனசேகரின் அண்ணன் மயில்சாமி. பங்கு பிரித்தபோது மூத்தவர் மேற்கில் இருக்க வேண்டும், இளையவர் கிழக்கில் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள், எனக்கு அதில் சந்தோஷமே. அவர் காட்டில் அப்போது சோளம் நின்றது. சோளத்தின் மேல் நடந்து வரும் காற்று எனக்கு வந்து சேரும். வரைபடத்தில் அவர் காட்டை வெள்ளையாக விட்டுவிட்டு, அந்த வெள்ளையில் ஆரம்பித்து என் வீட்டுக்குள் வரும் ஒரு நீல அம்புக்குறி போட்டேன். எல்லோரும் நீலத்தில்தான் போடுவோம். நீலத்துக்கு நாற்றம் இல்லை. கட்டுவதற்கு முன்னால் வெற்று நிலத்தில் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மாதக்கணக்கில் பார்த்தேன். ஊதுபத்தி மல்லிகை வாசனை. காற்று எங்கே போகிறது என்பதை அவ்வளவு கவனமாகப் பார்த்த நான், எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்கவில்லை. வெள்ளையாக விட்ட இடத்தில் அடுத்த வருஷமே ஷெட் எழுந்தது. இப்போது அந்த அம்புக்குறியை என்ன நிறத்தில் போடுவேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். கோழி எச்சம் ஒரே நிறம் அல்ல. கருப்பு, அதன் நடுவே சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் பச்சை. சாரல் நனைத்தால் எல்லாம் கலந்து, ஷெட்டுத் தரையில் பரப்பிய தேங்காய்நார்த் தூளில் ஊறி, கண்ணுக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி ஒரு காரம் கிளம்பும். குஞ்சு இறக்கின புதிதில் ஒன்றும் தெரியாது. வளர்ந்த கோழியை விற்கப் பிடிக்கப் போகிற வாரத்தில்தான் உச்சம். இது அந்த வாரம். சாரலும் இருக்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஷெட் நல்ல கட்டடம். நீளவாட்டம் கிழக்கு மேற்கு, வெயில் பக்கவாட்டில் விழாது. அகலம் குறைவு, நடுவில் நிற்கும் கோழிக்கும் காற்று கிடைக்கும். பக்கச் சுவர் முழங்கால் உயரம், அதற்கு மேல் கம்பிவலை. கூரை உச்சியில் சூடு வெளியேறத் திறப்பு. நான் கல்லூரியில் படித்ததும், என் வீட்டில் செய்ததும், மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்குவதும் இதே நான்கு விதிதான். ஒரே விதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டடம், ஒன்றில் கொழுக்க வைத்த கோழிகள், ஒன்றில் நாங்கள். போன ஆடியில் வேலிவரை போய் மச்சாண்டாரிடம் கேட்டேன். அவர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். ஈ விரட்டக்கூட இல்லை. "ஏனுங் மாமா, ஷெட்டுக்கு மேக்கால ஒரு வரிச மரமாச்சும் வெக்கலாமுங்ளா" என்றேன். மேற்கே வைத்து என்ன பயன், கிழக்கே அல்லவா வைக்க வேண்டும், நாக்கு தடுமாறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "பூர்ணிமா, கோழி என்ரது. காத்து உன்ரது. என்ர கோழி வேலி தாண்டி வந்தா சொல்லு, புடிச்சுக் கட்டிப்போடறேன். உன்ர காத்து என்ர காட்டு வழியா வருது, நான் ஒரு நாளாச்சும் கேட்டனா?" என்றார். அதற்குப் பிறகு அவர் மனைவி ஒவ்வொரு முறை கோழி பிடிக்கும்போதும், உரித்த கோழி ஒன்றைத் தூக்குப்போசியில் வைத்து அனுப்புகிறார். "பாப்பாவுக்குக் கொழம்பு வெச்சுக் குடு." தோல் உரித்த இடத்தில் நீலமாக ஒரு நரம்பு. விரலை வைத்தால் இன்னும் சூடு இருக்கும். வர்ணிகா சாப்பிடுவதில்லை. நானும் இல்லை. தனசேகர் மட்டும் எலும்பைக் கடித்துக்கொண்டே, "நல்லாத்தான இருக்குது" என்பார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஏசிக்குள் உட்கார்ந்துவிட்டு, சட்டையில் சென்ட் அடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர். சென்ட்டும் எச்சமும் சேர்ந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், வெந்நீரில் போட்ட இறகின் நாற்றம் வரும்.

"அக்கா, இந்தச் சன்னல அடச்சுருவீங்ளா, இல்ல கண்ணாடி போட்டு அப்படியே உட்ருவீங்ளா?" என்று ரியாஸ் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்கிறார். "புள்ள வந்து சொல்லணுமுங்க தம்பி" என்கிறேன். "பாப்பாவுங்ளா?" என்று நம்பாமல் கேட்டுவிட்டு டேப்பைச் சுருட்டுகிறார். சுருளும்போது அது பாம்பு மாதிரி சீறுகிறது. அவர் விரல்நுனி ஜன்னல் சட்டத்தில் பட்டதும் அவர் அதைப் பேண்ட்டில் துடைத்துக்கொள்கிறார். காலையில்தான் துடைத்தேன். தினமும் துடைக்கிறேன். மேற்குச் சுவரின் துளைகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்க்கிறேன், உள்ளே மஞ்சளாகப் பஞ்சு மாதிரி இருப்பது இறகின் பிசிறு, அதில் தீவனத் தூள், அதில் சிலந்தி கூடு கட்டி, கூட்டில் ஈக்கள் காய்ந்து, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு பிரஷ்ஷில் உருண்டு வரும். அந்தப் பிரஷ் வர்ணிகாவினுடையது, பால்பற்கள் விழுவதற்கு முன் அவள் தேய்த்தது, கைப்பிடியில் ஒரு முயல். முயலின் காதிடுக்கில் அழுக்கு. மார்கழியில் காற்று திசை மாறும். கிழக்கிலிருந்து வரும், நாற்றம் மச்சாண்டார் பக்கமே திரும்பிப் போகும், வீடு வரைபடத்தில் இருந்த மாதிரியே இருக்கும். கோயம்புத்தூர்க் கல்லூரிகளிலிருந்து பஸ் வைத்து மாணவர்கள் வருவது மார்கழியில்தான். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, கூரையைப் பார்த்து வாயைத் திறப்பார்கள். மூச்சு விடும் வீடு என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள், நான் அதைக் கத்தரித்துக்கூட வைத்தேன். மூச்சு விடுவது எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு வாய் இருக்கும். காலையில் எழுந்ததும் அந்த வாய் எப்படி இருக்கும் என்று யாரும் எழுதவில்லை. இந்த வீட்டின் வாய்க்குள் நான் ஒரு பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருக்கிறேன், வருஷத்தில் பாதி நாள்.

அப்படியானால் மூடிவிடு என்று தனசேகர் சொல்கிறார். சுலபமாகச் சொல்கிறார். மூடிய அறை எப்படி நாறும் என்பது அவருக்குத் தெரியாது, அவர் அதற்குள்ளேயே இருப்பவர். எனக்குத் தெரியும். முதலில் வேலை பார்த்த ஆபீசில் எட்டாவது மாடி, ஜன்னல்கள் திறக்கவே திறக்காது. மதியம் யாரோ ஒருவர் கருவாட்டு டிபன் திறந்தால் சாயந்தரம்வரை அதையே எல்லோரும் மூச்சாக இழுக்க வேண்டும். ஈரமான சாக்ஸ், தலைக்குத் தேய்த்த எண்ணெய், தூங்கி எழுந்தவனின் கொட்டாவி, இவை எல்லாம் கூரைக்குள் போய், குளிர்ந்து, திரும்ப என் தலையில் இறங்கும். ஒருவர் வெளியே விட்டதை இன்னொருவர் உள்ளே எடுப்பது, எச்சில் தம்ளர் மாதிரி. தம்ளரையாவது கழுவலாம். வர்ணிகா வயிற்றில் இருந்தபோது அந்த ஆபீசில் குப்பைக்கூடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன், கூடைக்குள் முந்தின நாள் வாழைப்பழத்தோல், அதன் வாசனையும் கூரைக்குள் போய்த் திரும்பியது. அன்றைக்குத்தான் என் பிள்ளை அடுத்தவர் மூச்சைக் குடிக்காது என்று முடிவு செய்தேன். குடிக்கவில்லை. கோழியின் மூச்சைக் குடிக்கிறது. இப்படி ஒரு வாக்கியம் என் தலைக்குள் வந்துவிட்டால் போவதே இல்லை. துளைச் சுவரில் பிசிறு ஒட்டுவதுபோல ஒட்டிக்கொள்கிறது. சமையலறைக்குப் போகிறேன், டீக்குத் தண்ணீர் வைக்கிறேன், பாலைத் திறந்தால் விளிம்பில் ஈ, கொட்டிவிட்டு வேறு பால் எடுக்கிறேன், கோழியின் மூச்சைக் குடிக்கிறது, சர்க்கரை போடுகிறேன், மூடிவைக்கிறேன், குடிக்கிறது.

வேன் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. கொடியில் அவள் சீருடை ஆடுகிறது. ஓட்டுக்கூரை வீடு, மொட்டை மாடி இல்லை, துணி காயவைக்கக் கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரு நடை விட்டிருக்கிறேன், காற்று ஓடுகிற வழி, மழைக்காலத்தில்கூட ஒரு பொழுதில் காய்ந்துவிடும். வருகிறவர்களிடம் இதைப் பெருமையாகக் காட்டுவேன். வேனில் நடப்பதை அவளாக வந்து என்னிடம் சொல்லவில்லை. ஒரு ராத்திரி தட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, வேறு எதையோ சொல்கிற மாதிரி, "வேன்ல நான் ஏறுனா எல்லாரும் ஜன்னலத் தெறந்துருவாங்கம்மா" என்றாள். "ஏன் கண்ணு, புழுக்கமா?" என்றேன். நான் கேட்டது அதுதான், புழுக்கமா என்று. அவள் என்னைப் பார்த்தாள். "மழ பேஞ்சாலும் தெறப்பாங்க" என்றாள். பிறகு சாதத்தைத் தின்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கண்ணில் பட ஆரம்பித்தது. காலையில் இரண்டு முறை குளிக்கிறாள். பின்னலை முன்னால் இழுத்து மோந்து பார்க்கிறாள். புத்தகப் பையில் என் பவுடர் டப்பா. போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை, எல்லோருக்கும் காய்ச்சல் என்றாள், நான் நம்பினேன், அது ஆவணி, காய்ச்சல் காலம்தான். நான் இப்போது அந்தச் சட்டையைக் கொடியிலிருந்து எடுக்கிறேன். கழுத்துப்பட்டையை மூக்கில் வைத்து அழுத்துகிறேன். சோப்பு. வெறும் சோப்பு. அக்குளை மோந்து பார்க்கிறேன். சோப்பு. இன்னும் ஆழமாக இழுக்கிறேன், ஒன்றும் இல்லை, வெள்ளைத் துணி. ஒரு கணம் சந்தோஷமாக இருக்கிறது, அடுத்த கணம் சட்டையை மூக்கிலிருந்து இறக்குகிறேன். இது பிடிக்கிற வாரம். சாரல். ரியாஸ் கைக்குட்டை கட்டியிருக்கிறார். எனக்கு நாறவே இல்லை. இவ்வளவு நேரமும் நாறுகிறது, நாறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நினைப்புதான், மூக்கு இல்லை. போன வருஷத்து நாற்றத்தை ஞாபகத்திலிருந்து எடுத்து மோந்துகொண்டிருக்கிறேன். மச்சாண்டார் ஈ விரட்டாமல் இட்லி தின்ற மாதிரி நானும் ஆகிவிட்டேன். "தம்பி, ஒரு நிமிஷம் இங்க வாங்க. இத மோந்து பாத்துச் சொல்லுங்க." ரியாஸ் சட்டையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "என்னங்க்கா?" "சும்மா மோந்து பாருங்க. கைக்குட்டைய எடுத்துட்டு." அவருக்குச் சங்கடமாக இருக்கிறது, கைக்குட்டையை ஓரமாக விலக்கி, சட்டையைத் தொடாமல், குனிந்து, சின்னதாக ஒரு மூச்சு எடுக்கிறார். "சோப்பு வாசந்தானுங்க்கா" என்கிறார். சொல்லிக்கொண்டே கைக்குட்டையை மேலே இழுக்கிறார். அவர் கண் ஓரத்தில் தண்ணீர்.

டீயை அவர் குடிக்கவில்லை. வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, துளை போடும் மிஷினுக்குப் பிளக் எங்கே என்று தேடுகிறார். நான் சட்டையை மடிக்கிறேன், பிரிக்கிறேன், மடிக்கிறேன். எப்படிக் கேட்பது என்று யோசிக்கிறேன். குழந்தையிடம் கேள்வி கேட்பதில் நான் கெட்டிக்காரி. "கண்ணு, உனக்கு நெலாத் தெரியற ரூம் வேணுமா, இருட்டு ரூம் வேணுமா?" என்று கேட்கலாம். "ஏசி போட்டா அம்மா கூடத்துல வேத்து வேத்துக் கெடப்பேன், பரவால்லயா?" என்று கேட்கலாம், அவள் இளகின மனசு. தொண்டை வறளும், சளி பிடிக்கும், மிஷினுக்குள் பூஞ்சை வளரும், அதைப் படம் காட்டலாம். இது ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கும்போது பிரஷ்ஷில் உருண்டு வருவது மாதிரிப் பிசுபிசுப்பாக இருக்கிறது. இப்படித்தான் நான் வீடு கட்ட வருகிறவர்களிடம் பேசுகிறேன், உங்களுக்கு வெளிச்சம் வேண்டாமா, காற்று வேண்டாமா என்று. யார் வேண்டாம் என்பார்கள். அவள் ஜன்னல் என்று சொன்னால் வீடு வரைந்தபடியே நிற்கும், மார்கழியில் பஸ் வரும், நான் படம் போடுவேன், அவள் வேனில் ஏறும்போது கண்ணாடிகள் வரிசையாக இறங்கும். அந்தக் கண்ணாடிகள் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. என் பிள்ளையின் நாற்றம் போக அந்தப் பிள்ளைகள் காற்றோட்டம் செய்துகொள்கிறார்கள், சரியாகத்தான் செய்கிறார்கள், இரண்டு பக்கமும் திறக்கிறார்கள். ஏசி என்று சொன்னால் வீடு மூடிய பாட்டில். மேற்கிலிருந்து வருவது கூடத்திலேயே தங்கும், நான் அதில் இருப்பேன், எனக்குத்தான் நாறுவதில்லையே. இந்த நினைப்பில் ஒரு தியாகத் தொனி வருகிறது, அதுவும் அருவருப்பாக இருக்கிறது, அதையும் துடைத்துப் போட வேண்டும்.

வெளியே ஹாரன். வேன் கேட்டுக்கு வெளியே நிற்கிறது, எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது. வர்ணிகா இறங்கி, பின்னால் திரும்பாமல் வருகிறாள். செருப்பைக் கழற்றுகிறாள். மிஷினைப் பார்க்கிறாள், ரியாஸைப் பார்க்கிறாள், அவர் முகத்தில் கட்டியிருப்பதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறாள். ரியாஸ், "வா பாப்பா, உனக்காகத்தான் வெயிட்டிங்" என்கிறார். தனசேகர் போனில் வந்துவிட்டார், "கேட்டியா பூர்ணி? என்ன சொல்றா?" என்கிறார், நான் போனை மேசைமேல் கவிழ்த்து வைக்கிறேன். தயாராக வைத்திருந்த கேள்விகளை விட்டுவிடுகிறேன். "கண்ணு, உன்ர ரூமுக்கு ஏசி போட்டா அந்த ஜன்னல மூடிடணும். போடலைன்னா தெறந்தே இருக்கும். எது வேணும், நீயே சொல்லு" என்கிறேன். அவள் பையை இறக்கவில்லை. "ஏசி போட்டா நாறாதா?" என்கிறாள். வீட்டுக்குள் காற்று ஓடுகிறது, கொடியில் மிச்சமிருக்கும் துணிகள் அவள் அறைப் பக்கமாகச் சாய்கின்றன. தொண்டை வறளும் என்று சொல்ல வேண்டிய இடம் இது. "நாறாது" என்கிறேன். "துணியெல்லாம் உள்ள வெச்சுக்கலாமா?" "வெச்சுக்கலாம்." அவள் அந்த ஜன்னலை ஒருமுறை பார்க்கிறாள். ஏசி போடச் சொல்கிறாள். ஜன்னலை அடைத்துவிடச் சொல்கிறாள்.